பல்லைக் கடித்துக்கொண்டு

காதுக்கு முன்னால் வலி வந்தால் நாம் முதலில் போய் உட்காருவது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்பார். வலி கன்னத்துக்கு இறங்கியதும் பல் மருத்துவர். எக்ஸ்ரேயில் ஏதாவது ஒரு கடைவாய்ப் பல்லில் சொத்தை தெரியும். அதற்கு வேர் சிகிச்சை நடக்கும். வலி அப்படியே இருக்கும். நெற்றிப்பொட்டுக்கு ஏறினால் தலைவலி மாத்திரை. என் சித்தி இந்தச் சுற்றை இரண்டு வருடம் சுற்றினார். தையல் வேலை செய்பவர். காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கும், தோசையைக்கூட மெல்ல முடியாது. கடைசியில் ஒரு மருத்துவர் அவருடைய இரண்டு காதுகளுக்கு முன்னாலும் விரலை வைத்து, “வாயை மெதுவா திறந்து மூடுங்கம்மா” என்றார். பிறகு கன்னத் தசையை அழுத்திப் பார்த்தார். சித்தி துள்ளிவிட்டார். இதுதான் அந்த வலி என்று முதன்முறையாக ஒருவர் சரியான இடத்தைத் தொட்டிருந்தார்.

தாடை மூட்டு உடம்பின் மற்ற மூட்டுகளைப் போன்றதல்ல. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ் கதவுக் கீலைப் போலச் சுழல்கிறது. அகலமாகத் திறந்தால் அதே குமிழ் தன் குழியை விட்டு முன்னால் வழுக்கி வருகிறது. இந்த இரட்டை வேலையை இடமும் வலமும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். இரண்டு மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். குமிழுக்கும் குழிக்கும் நடுவில் மெத்தை போல ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி இடத்துக்கு வந்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது இந்தச் சத்தம் உண்டு. வலி இல்லை, வாய் அடைபடவில்லை என்றால் அந்தச் சத்தத்துக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. தாடை வலியின் வரலாற்றில் பாதி, தேவையில்லாமல் செய்த சிகிச்சைகளின் வரலாறு.

தாடை இடம் பிசகுவது மனிதருக்குப் பழைய துன்பம்தான். கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டு, தாடையின் பின்முனையை அழுத்தி, பிசகிய தாடையை இடத்தில் சேர்க்கும் முறை சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மருத்துவச் சுவடியான எட்வின் ஸ்மித் பாப்பிரஸில் இருக்கிறது. இன்றும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செய்வது கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பிசகாமல் வலிக்கும் தாடையைப் பற்றிய பேச்சு 1934இல்தான் சூடு பிடித்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குக் காது வலி, காது இரைச்சல், தலைவலி இருப்பதைக் கண்டு எழுதினார். பின்பல் போனதால் தாடை மேலேறி மூட்டருகே நரம்புகளை அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். அந்த உடற்கூறு விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் தவறென்று காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஓர் எண்ணம் வேர் விட்டுவிட்டது: மேல்பல்லும் கீழ்பல்லும் சரியாகப் பொருந்தாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். காது மருத்துவர் தொடங்கிய நோய் இப்படித்தான் பல் மருத்துவரின் கைக்கு வந்தது.

1961இல் சிகர்ட் ராம்ஃபியோர்ட் இரவுப் பற்கடிப்பையும் இதே பல் பொருத்தத்தோடு முடிச்சுப் போட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் பல்லைத் தேய்த்துச் சமன்படுத்துவது, வரிசையாகக் கேப் போடுவது, கம்பி கட்டித் தாடையின் கடியையே மாற்றுவது என்று ஒரு பெரும் தொழில் வளர்ந்தது. நல்ல மனதோடுதான் பலரும் செய்தார்கள். பலருக்கு வலியும் குறைந்தது. சிக்கலே அங்கேதான் இருந்தது.

சிகாகோவில் டேனியல் லாஸ்கினும் சார்லஸ் கிரீனும் இந்தக் குணமாதல் எங்கிருந்து வருகிறது என்று சோதிக்க நினைத்தார்கள். இந்த வலியில் பெரும்பகுதி தசையில்தான், மூட்டில் இல்லை என்று லாஸ்கின் 1969இலேயே வாதிட்டவர். 1976இல் அவர்கள் குழு வெளியிட்ட ஆய்வில் 25 நோயாளிகளுக்குப் பல்லைத் தேய்த்துச் சமன்படுத்துவது போலப் பாவனை மட்டும் செய்தார்கள். கருவி ஓடியது, சத்தம் கேட்டது, பல்லின் கடிபரப்பு ஒரு துளியும் மாறவில்லை. 16 பேருக்கு வலி முற்றாகவோ பெரும்பாலுமோ போய்விட்டது. 1984இல் ஜான் ரூ குழுவினர் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள்: பல்லின் கடி இடிக்கும்படி வேண்டுமென்றே கேப் போட்டு, இரவில் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். பொருந்தாத கடிதான் பல் கடிக்க வைக்கிறது என்றால் அது கூடியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தொடக்க இரவுகளில் குறைந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளும் சிறியவைதான். ஆனால் அவை தொட்ட உண்மை பெரியது. தாடை வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் தானாகவே தணிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். அவர் அக்கறையோடு தொட்டுப் பார்த்து, இது புற்றுநோய் இல்லை, சரியாகிவிடும் என்று சொன்னதுமே பாதி இறுக்கம் விடுகிறது. அதன் பிறகு எதைச் செய்தாலும் பலித்தது போலத் தெரியும். செய்தது வெந்நீர் ஒத்தடமென்றால் நட்டமில்லை. பல்லின் எனாமலைத் தேய்த்திருந்தால் அது ஆயுசுக்கும் திரும்ப வளராது. என் சித்திக்கும் ஓரிடத்தில் ஆறு பல்லுக்குக் கேப் போட்டால் சரியாகும் என்றார்கள். பணம் புரளாததால் தப்பித்தார்.

பல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நழுவிய தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கைத் தகடு வைக்கும் அறுவைச் சிகிச்சை எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் பரவியது. ஹூஸ்டனில் இருந்த வைடெக் நிறுவனத்தின் டெஃப்லான் பூசிய தாடைத் தகடு 1983இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருளைப் போன்றதுதான் என்ற அடிப்படையில் அனுமதி கிடைத்தது. மனிதர்களிடம் முறையான முன்சோதனை கேட்கப்படவில்லை. மெல்லும் அழுத்தத்தில் தகடு துகள் துகளாக உதிர்ந்தது. அந்தத் துகள்களை எதிர்த்து உடம்பு நடத்திய போரில் தாடைக் குமிழும் மண்டையோட்டின் அடிப்பகுதியும் அரித்துப்போனவர்கள் உண்டு. 1990இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது, நிறுவனம் திவாலானது. அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட தகடுகள் வெளியே போயிருந்தன. பத்து, இருபது என்று அறுவைகளுக்கு உள்ளானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் இளம்பெண்கள். பலருக்குத் தொடக்கத்தில் இருந்தது வலியோடு ஒரு ‘டக்’ சத்தம்.

பல் பொருத்தம் இல்லையென்றால் வேறெது? 2006இல் அமெரிக்காவில் நான்கு இடங்களில் தொடங்கிய ஓப்பேரா என்ற ஆய்வு, தாடை வலியே இல்லாதவர்கள் 2,700க்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. யாருக்கு வலி வருகிறது என்று முன்கூட்டியே காத்திருந்து பார்த்த ஆய்வு என்பதால் இதற்குத் தனி மதிப்பு. ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 4 பேருக்குப் புதிதாக வந்தது. முன்கூட்டியே சுட்டிக்காட்டியவை எவை என்று பார்த்தால் முதுகு வலி, தலைவலி, குடல் எரிச்சல் போன்று உடம்பில் வேறிடத்து உபாதைகள், தூக்கம் கெடுவது, மனஅழுத்தம், பகலில் பல் இறுக்கும் பழக்கங்கள், புகை. தாடை வலி தாடையின் நோய் மட்டுமல்ல, வலியைக் கையாளும் நரம்பு மண்டலமே கூர்தீட்டி நிற்கும் நிலை என்ற பார்வை இதிலிருந்து வலுப்பட்டது.

இன்னொன்றும் அதில் கிடைத்தது. நாள்பட்ட தாடை வலிக்காக மருத்துவமனைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். ஆனால் புதிதாக வலி தொடங்குவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறு வித்தியாசம்தான். அப்படியென்றால் பெண்ணுக்கு வலி அதிகம் வருகிறது என்பதைவிட, வந்த வலி போகாமல் தங்குகிறது என்பதே நெருக்கமான உண்மை. ஹார்மோனுக்கு இதில் பங்கிருக்கலாம். வந்த வலியை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பதற்கும் பங்கிருக்கும் என்று நான் நினைக்கிறேன். “பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ” என்பதை நம் வீடுகளில் யாரிடம் அதிகம் சொல்கிறோம்?

பல் கடிப்பதும் தாடை வலியும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரவெல்லாம் நறநறவென்று கடிப்பவர்களில் பலருக்கு வலியே இல்லை. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தூக்கம் போகிறது. வலியோடு தவிப்பவர்களில் பலருக்கு இரவில் பெரிதாகக் கடிப்பும் இல்லை. கனடாவில் ஜில் லவீன் 1994இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் பெரியவர்களில் 8 சதவீதம் பேர் இரவில் பல் கடிப்பதாகச் சொன்னார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களில் அது 3 சதவீதம். தூக்க ஆய்வுக்கூடத்தில் அவர் பதிவுசெய்தது இன்னும் சுவையானது. பல் கடிக்காத சாதாரண ஆட்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மெல்லும் தசை அவ்வப்போது தாளகதியில் துடிக்கிறது. கடிப்பவர்களுக்கு அது அடிக்கடியும் வலுவாகவும் வருகிறது. வரிசையும் திட்டமானது: முதலில் இதயத்தைத் தூண்டும் நரம்புகள் விழிக்கின்றன, பிறகு மூளையில் சில நொடி அரைவிழிப்பு, நாடி வேகமெடுக்கிறது, அதற்கும் பிறகுதான் தாடை அசைகிறது. பல்லிலிருந்து மூளைக்கு அல்ல, மூளையிலிருந்து பல்லுக்கு வருகிற சேதி இது. 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி எழுதிய வரையறையும், வேறு நோயற்றவரிடம் இதை ஒரு நோயாகவே கொள்ள வேண்டியதில்லை, ஒரு தசைச் செயல் என்றே கொள்ளலாம் என்கிறது.

அந்த அரைவிழிப்பைக் கூட்டுபவை எவை என்று கேட்டால் பட்டியல் நம் அன்றாடத்தில் இருக்கிறது. மாலைக்குப் பிறகு குடிக்கும் காபி, மது, சிகரெட். ஃபுளூஆக்ஸிடின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்குப் பல் கடிப்பைத் தூண்டுவதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் அளவை மாற்றிப் பார்ப்பார். பெருங்குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது, இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு வாங்குவதைவிட முக்கியம்.

குழந்தைகள் விஷயத்தில் நம்மூரில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும். “ராத்திரியெல்லாம் புள்ள பல்லக் கடிக்குது டாக்டர், வயித்துல பூச்சி இருக்குமோ?” என்று கேட்காத தாய் இல்லை. பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டென்று சொல்லும் ஆய்வுகளும் இல்லையென்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. காரணம் இதுதான் என்று எதுவும் நிறுவவில்லை. குடற்புழு மாத்திரையைப் பள்ளியில் கொடுக்கும்போது போட்டுக்கொள்வது நல்லதுதான், அதற்குப் புழுவே போதுமான காரணம். பெரும்பாலான பிள்ளைகள் நிலைப்பற்கள் முளைத்து முடியும் வயதில் தாமாகவே கடிப்பதை விட்டுவிடுகிறார்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற, குறட்டை விடுகிற குழந்தையென்றால் டான்சிலும் மூக்கடிச் சதையும் வீங்கியிருக்கின்றனவா என்று காட்டிவிடுங்கள். மற்றபடி அந்தக் குழந்தையின் பல்லில் எதையும் மாட்ட வேண்டாம்.

சரி, வலிப்பவர் என்ன செய்வது? 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி நெறி, 233 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு எது உதவுகிறது என்று தரம்பிரித்தது. மேலே நின்றவை எளிமையானவை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை. தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் கையால் தாடையை அசைத்துக் கொடுப்பது. தசையின் முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துவது. மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும் கழுத்து, தோள் நிமிர்த்தும் பயிற்சியும். இவற்றோடு வீட்டில் செய்யும் நீட்டல் பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், தைரியம் சொல்வது. மறுமுனையில், தட்டை வெட்டியெடுப்பதையும், கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் கருவிகளையும், வலிநிவாரணியோடு ஓபியாய்டு சேர்ப்பதையும் கடுமையாகவே எதிர்த்தது. நடுவில் ஒரு பெரிய கூட்டத்தை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கியது. போடாக்ஸ், லேசர், மூட்டைக் கழுவுவது, ஸ்டீராய்டு ஊசி எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான். பல் மருத்துவர்கள் முகம் சுளித்தது அதில் நைட் கார்டும் இருந்ததால்.

நைட் கார்டைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. அந்த நெறி கேட்ட கேள்வி வலி குறைகிறதா என்பது. அதற்கு விடை தெளிவில்லை. ஆனால் இரவில் பலமாகக் கடித்துப் பல்லையே தேய்த்துக்கொள்பவர்களுக்குப் பல்லைக் காக்கும் தடுப்பாக அது வேலை செய்யும். பல் கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும். வாங்குவதென்றால் ஒரு வரிசைப் பல் முழுவதையும் மூடும், அளவெடுத்துச் செய்த கடினமான கார்டாக இருக்கட்டும். முன்பல்லை மட்டும் மூடும் சிறு கருவிகளை நெடுநாள் போட்டால் மற்ற பற்கள் இடம் மாறிவிடக்கூடும். போடாக்ஸ் தசையைத் தளர்த்துவது உண்மை. ஆனால் மெல்லும் தசை சோம்பினால் அதன் சுமையில் வலுப்பெறும் தாடைக் குமிழின் எலும்பும் மெலிகிறது என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. கன்னம் ஒல்லியாகத் தெரிவதற்காக அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் இளம்பெண்கள் பெருகிவருவது எனக்குக் கவலையளிக்கிறது.

வீட்டுவைத்தியத்தில் பகல்நேரத்துக்குத்தான் முதலிடம். சாப்பிடாத, பேசாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருந்தாலும் பல்லுக்கு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லுவதையும் விழுங்குவதையும் கூட்டினாலும் நாளொன்றுக்குப் பல்லோடு பல் படும் நேரம் அரைமணியை எட்டாது என்பது பல் மருத்துவத்தின் பழைய கணக்கு. இதைப் படிக்கும்போது உங்கள் பல் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவு மீறப்படுகிறது என்று தெரியும். ‘ன’ என்று சொல்லி நாக்கு நிற்கும் இடத்திலேயே அதை விட்டால் தாடை தானாகத் தொங்கும். கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழே கை கொடுங்கள். வலி கடுமையாக உள்ள வாரங்களில் முறுக்கு, தட்டை, கரும்பு, எலும்பு கடிப்பதெல்லாம் வேண்டாம். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு போதும். ஆனால் மாதக்கணக்கில் கஞ்சியிலேயே இருந்தால் தசை இன்னும் இறுகிவிடும், மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். நனைத்துப் பிழிந்த வெந்நீர்த் துணியோ, பாட்டிமார் வறுத்துக் கட்டும் உப்பு மூட்டையோ, தோல் பொறுக்கும் சூட்டில் கன்னத்தில் கால் மணி நேரம். திடீர் வலிக்குச் சில நாட்கள் மட்டும், மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை.

எல்லாத் தாடை வலியும் தாடை வலி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நடந்தால் வந்து நின்றால் போகும் தாடை வலி இதயத்திலிருந்து வரலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது இவை சேர்ந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நாள் கடத்தினால் கண் போய்விடலாம். நம் நாட்டில் இவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது பாக்கு. வாய் திறப்பு நாளுக்கு நாள் குறைகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துக் கயிறு போல விறைத்திருக்கிறது என்றால் மூட்டில் பிழையில்லை. பாக்கு, குட்கா, மாவா மெல்லுவதால் வாயின் உட்சதை இறுகும் நோய் அது, புற்றுநோய்க்கு முன்படி. பெரியவருக்குத் தன் மூன்று விரல்களை நெட்டுவாக்கில் வாய்க்குள் நுழைக்க முடிய வேண்டும். முடியவில்லையென்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வழிகாட்டி நெறியில் முதலிடம் பெற்றவை எல்லாமே நேரம் கேட்பவை. ஒரு பிசியோதெரபிஸ்டின் கை, அரைமணி நேரப் பேச்சு, வாரக்கணக்கில் பயிற்சி. நம் ஊர்களில் பல் மருத்துவமனை நாற்காலியோடு டிரில் இருக்கிறது, தாடைக்குப் பயிற்சி சொல்லித்தரும் ஆள் இருப்பதில்லை. கேப்புக்குக் கட்டணம் உண்டு, விளக்கிச் சொல்வதற்குக் கட்டணப் பட்டியலில் இடமில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளின் வாய், தாடை மருத்துவப் பிரிவுகளும் பிசியோதெரபிக் கல்லூரிகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களில்கூட இரண்டுக்கும் நடுவில் நோயாளிதான் நடக்கிறார். அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால், புதிய கட்டடமோ புதிய கருவியோ இல்லாமலே இந்தச் சிகிச்சையைக் கொடுத்துவிட முடியும்.

சித்தியின் தாடையை முதலில் சரியாகத் தொட்ட அந்த மருத்துவர் அவரிடம் கேட்ட கேள்வி, “தைக்கும்போது வாய் என்ன செய்யுது?” என்பது. அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார், குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்கிறார், நுணுக்கமான தையல் வரும்போது மூச்சையும் பல்லையும் சேர்த்து இறுக்குகிறார். பதினெட்டு வருடமாக, நாளுக்கு எட்டு மணி நேரம். குண்டூசிக்கு ஒரு சின்னத் திண்டு தைத்துக்கொண்டார். மெஷினின் தலையில், கண் படும் இடத்தில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைத் தளர்த்த வேண்டும் என்பது ஒப்பந்தம். நான்கு மாதத்தில் பெரும்பாலும் தணிந்தது. கல்யாண சீசனில் வேலை நெருக்கும்போது இன்னும் தலைகாட்டும், ஒத்தடத்தில் அடங்கும். வாயை அகலத் திறந்தால் இடப்பக்கம் ‘டக்’ என்று இப்போதும் கேட்கிறது. அது வலிப்பதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்.